மூன்று அழகம்மாக்களும் இரண்டு மாலைகளும்

“நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். அதச் சொல்லிப்புட்டுத்தான் உக்காருவேன்.”

அறைக்குள் வந்த பெண் அப்படித்தான் சொன்னார். நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரமான, மெலிந்த உடல். காலில் பழைய ஓட்டச் சப்பாத்து. மாத்தளை நகரின் திருகோணமலை வீதியில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைக்குச் செங்குத்தான படிகளில் ஏறித்தான் வரவேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் நின்று மூச்சு வாங்குவார்கள். இவருக்கு மூச்சு வாங்கவில்லை. தர்ஷிகா அதைக் கவனித்தாள். கவனித்ததில் ஏதும் அர்த்தம் இருக்கிறதா என்று வழக்கம்போல உடனே சந்தேகப்பட்டாள்.

“சொல்லிட்டீங்கதானே, இப்ப உக்காருங்க,” என்றார் நிரஞ்சனி.

நிரஞ்சனி காப்புறுதி நிறுவனங்களுக்காகத் தீ விபத்து, களவு போன்றவற்றை விசாரித்துக் கொடுப்பவர். அவர் குரல் உயர்ந்து தர்ஷிகா கேட்டதில்லை. தர்ஷிகா பகலில் அவருடைய உதவியாளர். மாலையில் சட்ட வகுப்புக்குப் போகிறவள்.

“என் பேரு அழகம்மா. எல்கடுவைப் பக்கத் தோட்டம். பத்தாயிரம் மீற்றர்ல இலங்கைக்கே முதலா வந்தவ.”

“தெரியும். ஓட்டக்கார அழகம்மா.”

“பாத்தீங்களா, நீங்களும் அப்படித்தான் சொல்றீங்க. மூணு அழகம்மா இருந்தா வேற என்ன செய்றது.” அவர் ஒருவாறு உட்கார்ந்தார். “அந்த மூணு அழகம்மாலதான் பிரச்சினையே.”

நகரத்து இலக்கிய மன்றம் ஒன்று தன் மண்டபத்தில் ஒரு புகைப்படக் கண்காட்சி வைத்திருந்தது. ஒரே பெயர், வெவ்வேறு துறை என்பதுதான் அதன் பொருள். மாவட்டத்தில் பெயரெடுத்த மூன்று இராயப்பன்கள் அதில் இருந்தார்கள்: ஒரு கண் வைத்தியர், ஒரு காற்பந்து நடுவர், வஹகோட்டையில் சொரூபம் செய்யும் சிற்பி. இரண்டு ஸக்கரியாக்கள் இருந்தார்கள். அவர்களோடு மூன்று அழகம்மாக்கள்: தோட்டத் தொழிலாளருக்காகச் சிறை போன தலைவி அழகம்மா, வானொலியில் பாடிய பாடகி அழகம்மா, இவர்.

“நேத்து மத்தியானம் போய்ப் பாத்தேன். அவங்க ரெண்டு பேரும் நடுவுல, பெரிசா. என் படம் கதவு மூலையில. ஏன்னு கேட்டேன். செயலாளர் மாணிக்கவாசகம் சார் சிரிச்சுக்கிட்டே, ‘நீங்க இன்னும் இருக்கீங்கதானே, அடுத்த முறை பாப்போம்’ன்னாரு. எனக்குக் கோவம் வந்திருச்சு. எல்லாப் படத்தையும் கழட்டி வீசிருவேன்னு சத்தம் போட்டேன். போட்டது உண்மை. வீசல. காலையில பாத்தா பாடகி படத்தைக் காணோமாம். அந்த மனுசன் மைக்க எடுத்து, ‘எல்கடுவை அழகம்மா எடுத்துச் சென்ற படத்தை உடனே ஒப்படைக்க வேண்டும்’னு அறிவிக்கிறாரு. பஸ் ஸ்டேண்டு வரைக்கும் கேட்டுச்சு. நான் ஓட்டம் பழக்குற புள்ளைங்க அங்கதான் நின்னுச்சுங்க.”

“இன்னைக்குச் சாயங்காலம் திறப்பு விழா இல்லையா?”

“மேடையில ஏறி மன்னிப்புக் கேட்டா என் படம் சுவத்துல இருக்குமாம். இல்லாட்டி கழட்டிருவாங்களாம். அந்தப் புள்ளைங்க முன்னுக்கு நான் களவாணியா நிக்கணுமா? கண்டுபிடிச்சுக் குடுங்க. கண்டுபிடிக்காட்டியும் பரவாயில்ல, நான் கேக்க மாட்டேன்.”

“நேத்து மண்டபத்துல இருந்து எங்க போனீங்க?”

“பஸ் ஸ்டேண்டு. இருட்டுற வரைக்கும் பஸ் வரல. தனியாத்தான் நின்னேன். சாட்சி கேக்காதீங்க, இல்ல.” தலையை ஆட்டினார். “இந்தப் பேரால எனக்கு எப்பவும் இப்படித்தான். நாலு வருசத்துக்கு முந்தி தலைவி செத்தப்போ எவனோ பாடகி படத்தைப் போட்டு அஞ்சலி போஸ்டர் அடிச்சிட்டான். ரேடியோவுல பாடகி பாட்டையே போட்டு அழுதாங்க. எனக்கும் ஒருத்தன் போன் எடுத்து, ‘அக்கா, நீங்க செத்துட்டீங்களா’ன்னு கேக்கிறான்.”

“என்ன சொன்னீங்க?”

“வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்னேன்.”

நிரஞ்சனி சிரித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மண்டபத்தில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார் காவலாளி றஹீம். மாணிக்கவாசகம் வெள்ளை வேட்டியில் மேடைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

“இதுல விசாரிக்க என்னங்க இருக்கு? வீசிருவேன்னு அந்தம்மாவே சொன்னாங்க,” என்றார்.

“சொன்னபடி வீசலையே. ஒரே ஒரு படத்தைத்தானே காணோம்,” என்றார் நிரஞ்சனி. “நேத்து நடந்ததைச் சொல்லுங்க.”

அவர் சொன்னார். காலையில் பூக்கடையிலிருந்து கூடையில் இரண்டு மாலைகள் வந்தன. தலைவியின் படத்துக்கும் பாடகியின் படத்துக்கும் அவரே மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்தார். மத்தியானம் ஓட்டக்கார அழகம்மா வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். மாலையில் ஒத்திகைக்காக இரண்டு படங்களின் முன்னாலும் விளக்கேற்றினார். பார்க்க நன்றாக இருந்ததால் அப்படியே எரியவிட்டு வீட்டுக்குப் போனார். அப்போது மூன்று படங்களும் இருந்தன.

“மூணாவது படத்துக்கு ஏன் மாலை இல்ல?”

“அவங்க உயிரோட இருக்காங்களே. இருக்கிறவங்க படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைப்பாங்களா? மற்ற ரெண்டு பேரும் தவறிட்டாங்க.”

“பாடகி எப்ப தவறினாங்க?”

“எப்பவோ. ஊருக்கே தெரியும்.”

நிரஞ்சனி, எல்லோரும் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் றஹீமிடம் திரும்பினார். “நீங்க எங்கயாவது வெளிய போனீங்களா நானா?”

“பொழுது பட்டதும் மகரிப் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய்ட்டு வந்தேன், அவ்வளவுதான். கதவைச் சும்மா சாத்திட்டுப் போனேன். அந்த நேரத்துலதான் அந்தம்மா திரும்பி வந்திருக்கணும்னு சார் சொல்றாரு. நான் பாக்கல. பாக்காததப் பாத்தேன்னு சொல்ல ஏலாது.”

“வேற யாரும்?”

“வேற யாரும் வரல்ல. நான் போகக்குள்ள பூக்கூடைய எடுக்க நிமலன் அம்மா வந்தாங்க. கூடை உள்ளுக்கு இருக்கு, எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போனேன். வேற ஆள் இல்ல. விளக்குப் பக்கம் நானும் போகல்ல, எண்ண ஊத்தணுமா அணைக்கணுமான்னு எனக்குத் தெரியாது.”

நடுச்சுவரில் பாடகியின் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. மாலையையும் காணவில்லை. “படத்தோட மாலையையும் சேத்துக் கொண்டுபோயிருக்காங்க,” என்றார் மாணிக்கவாசகம். கீழே இரண்டு குத்துவிளக்குகள். தலைவியின் விளக்கில் திரி கருகி, எண்ணெய் முழுவதும் தீர்ந்திருந்தது. பாடகியின் விளக்கில் பாதி எண்ணெய் மீதம் இருந்தது. திரி உள்ளே இழுக்கப்பட்டு, அதன்மேல் ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

தர்ஷிகா தலைவியின் படத்தைப் பார்த்தாள். தடித்த மாலை. செவ்வந்தியும் அரளியும். அடியில் பூக்குஞ்சம் தொங்கியது. ஒன்றல்ல, இரண்டு. அவளுக்கு ஏதோ உறுத்தியது. பெரிய மாலைக்கு இரண்டு வைப்பார்களோ என்னவோ, தனக்கென்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் நிரஞ்சனி கேட்டார். “யாருன்னு நினைக்கிற?”

“பாடகியோட ரசிகர் யாராவது, அக்கா. பழைய படம், ஆசைப்பட்டு எடுத்திருக்கலாம். மாலையையும் ஞாபகத்துக்கு வச்சிக்க...” சொல்லும்போதே அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. “இல்ல, சரியா வரல.”

“எங்க சரியா வரல?”

“ரசிகர் விளக்கை ஏன் அணைக்கணும்? அதோட... இது தப்பா இருக்கலாம்.”

“தப்புன்னா நான் சொல்றேன். நீயே தீர்ப்புச் சொல்லாத.”

“அந்த மாலையில ரெண்டு குஞ்சம் இருந்துச்சு.”

நிரஞ்சனி நின்றார். “அத உள்ளயே சொல்லியிருக்கலாமே. நானும் அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு மாலைக்கு ஒரு குஞ்சம். அப்ப ரெண்டாவது மாலை எங்கயும் போகல. தலைவி கழுத்துலயே இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, இடையில பல இடத்துல வாழை நாரால முடிஞ்சிருக்கு. ஒரு பூ நசுங்கல. நீயும் நானும் செஞ்சா பாதி உதிர்ந்திருக்கும்.”

“பூக்கட்டுறவங்க.”

“அங்க வந்த பூக்கட்டுறவங்க ஒருத்தர்தான். றஹீம் நானா அவங்கள ஆள் கணக்குலயே சேக்கல. ஆனா ஏன் செஞ்சாங்க? அதத்தான் கேக்கப் போறோம்.”

அம்மன் கோயில் வாசலில் பூக்கடைகள் வரிசையாக இருந்தன. ‘நிமலன் பூக்கடை’ என்ற பலகைக்குக் கீழே, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் ஈர நாரை மடியில் வைத்துக்கொண்டு அரளி கட்டிக்கொண்டிருந்தார்.

“நிமலன் இல்லம்மா. பூ எடுக்க நாவுலைக்குப் போயிட்டான். கல்யாண மாலையா?”

“இல்லைங்க. உங்க பேரு என்ன?”

கை நின்றது. “நிமலன் அம்மா.”

“அது நிமலனோட பேரு.”

அந்தப் பெண் நாரைக் கீழே வைத்தார். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“அழகம்மா,” என்றார்.

தர்ஷிகா குனிந்து அந்த முகத்தைப் பார்த்தாள்.

“பாட்ட விட்டு முப்பது வருசம். வீட்டுக்காரர் போன பிறகு இந்தக் கடை. ஒருத்தரும் பேரு கேக்கல, நானும் சொல்லல. ரேடியோவுல நான் செத்துட்டேன்னு சொன்னப்போ இங்க உக்காந்துதான் கேட்டேன். நல்ல பாட்டாத்தான் போட்டாங்க, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்.” மடியிலிருந்த அரளியை ஒதுக்கி வைத்தார். “ஆனா நேத்து கூடைய எடுக்க உள்ள போறேன், நான் கட்டுன மாலை என் கழுத்துல கிடக்குது. என் நெத்தியில பொட்டு. முன்னால விளக்கு. என் கையாலயே எனக்குச் சாவு மாலை கட்ட வச்சிட்டாங்களே. விட்டுட்டு வர நான் என்ன பொணமா?”

“மாலையைத் தலைவிக்குப் போட்டுட்டீங்க.”

“பூ என்ன பாவம் பண்ணிச்சு? அந்தம்மாவுக்கு ரெண்டு மாலை தகும். படத்தைக் கூடையில வச்சு எடுத்துக்கிட்டு வந்தேன். என் படம்தானே, களவா?”

“உங்களுக்குக் களவு இல்ல. ஆனா வேற ஒரு அழகம்மாவக் களவாணின்னு மைக்குல சொல்லிட்டாங்க. இன்னைக்கு மேடையில அவங்க மன்னிப்புக் கேக்கணுமாம்.”

“யாரு, ஓடுற புள்ளையா?” அவர் எழுந்தே விட்டார். “காலையில என்னமோ கத்துனாங்க, பூசை மணியில ஒண்ணும் விளங்கல. இருங்க, கடையச் சாத்திட்டு வாறேன்.”

மாலையில் மண்டபம் பாதி நிரம்பியிருந்தது. முன்வரிசையில் ஓட்டக்கார அழகம்மா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் தோட்டத்துப் பிள்ளைகள். மாணிக்கவாசகம் அவரிடம் குனிந்து, “ஒரு வார்த்தைதானேம்மா, சொல்லிருங்க,” என்றார்.

“மாட்டேன்.”

“அவங்க சொல்லத் தேவையில்ல சார்,” என்றபடி நிரஞ்சனி வந்தார். மன்ற உறுப்பினர்கள் கூடினார்கள். “படத்தை எடுத்தவருக்குக் கோபம் இருந்துச்சு. ஆனா படத்து மேல இல்ல. கோபத்துல வந்தவங்க விளக்கைத் தட்டிவிடுவாங்க, இல்ல ஊதுவாங்க. இவங்க பூ இதழால திரியை இழுத்து, முறைப்படி அணைச்சிருக்காங்க. மாலையைப் பிச்சுப் போடல. தலைவி மாலையோட சேத்துக் கட்டியிருக்காங்க, எண்ணிப் பாருங்க, ரெண்டு குஞ்சம் இருக்கு. தலைவியோட விளக்கைத் தொடவே இல்ல, அது தானா எரிஞ்சு முடிஞ்சிருக்கு. மாலை, பொட்டு, விளக்கு மூணையும் ஒரு படத்துல இருந்து மட்டும் எடுத்தவர் என்ன சொல்றாரு சார்?”

மாணிக்கவாசகம் தலைவியின் மாலையைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தப் படத்துல இருக்கிறவங்க சாகலன்னு சொல்றாரு. ஊருக்கே தெரிஞ்ச சாவு பொய்னு ஒருத்தருக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருக்கு. தலைவி இறந்தப்ப பேரை மாத்திப் போஸ்டர் அடிச்சாங்க. யாரும் போய்ப் பாக்கல. நீங்களும் பாக்கல.”

வாசலில் பூக்கூடையோடு ஒரு பெண் நின்றார். “நிமலன் அம்மா, இன்னைக்கு மாலை சொல்லல்லையே,” என்றார் றஹீம். அவர் பதில் சொல்லாமல் நேரே நடந்து வந்து, கூடையிலிருந்து படத்தை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். கண்ணாடி துடைத்துப் பளிச்சென்று இருந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் அதே அகன்ற நெற்றி, அதே கண்கள். பின்வரிசையில் யாரோ எழுந்து நின்றார்கள்.

மாணிக்கவாசகத்தின் முகம் வெளுத்து, பிறகு மலர்ந்தது. “அம்மா, இது மன்றத்துக்கே பெருமை. நீங்க ஒரு பாட்டு...”

“பாட்டு கிடக்கட்டும். என்னைச் சாகடிச்சதுக்கு அப்புறமா கணக்குப் பாப்போம். முதல்ல இந்தப் புள்ளைக்குச் சொல்ல வேண்டியதச் சொல்லுங்க.”

“சொல்லிடுறேன், அதுக்கென்ன.” அவர் ஓட்டக்கார அழகம்மாவின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், “மன்னிச்சுக்கங்கம்மா,” என்றார்.

“இங்க வேணாம் சார். மைக்குல,” என்றார் அவர் அசையாமல்.

செயலாளர் மேடையேறினார். றஹீம் யாரும் சொல்லாமலே ஒலியைக் கூட்டினார். வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இன்று காலை தவறான அறிவித்தல் ஒன்றை விடுத்தமைக்காகத் திருமதி அழகம்மா அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.”

பிள்ளைகள் கைதட்டத் தொடங்கினார்கள். ஓட்டக்கார அழகம்மா கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார்.

“எந்த அழகம்மான்னு சொல்லுங்க சார்,” என்றார். “நாங்க மூணு பேரு இருக்கோம்.”