சுவர் தந்த இரண்டு வினாடி

மாநிலப் போட்டியில் நூறு மீட்டர் நீந்த, பள்ளியிலிருந்து ஒருவர்தான் போகலாம். நீச்சல் பயிற்சி தரும் விமலன் சார் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளில் அந்தப் பெயர் ஷார்மைனுடையது.

ஷார்மைன், 80 வினாடி. அதற்குக் கீழே, செரீனா, 81 வினாடி.

ஷார்மைனின் அப்பா இருதயம் லோரி ஓட்டுபவர். செய்தி கேட்டதும் தேவாலயத்தில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

செரீனா ஷா ஆலமிலிருந்து கிள்ளானுக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவளும் ஷார்மைனைப் போல ஆறாம் ஆண்டு, தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டுதான். இருவருக்கும் இந்தப் பள்ளியில் இதுவே கடைசி வாய்ப்பு. அவள் பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"ஒரே ஒரு வினாடி," என்றாள் மெல்ல, பக்கத்தில் நின்ற ஷார்மைனிடம். "என்னோட டைம் ஷா ஆலம்ல எடுத்தது. அம்பது மீட்டர் குளம். அங்க சுவர் வரவே வராது, தெரியுமா?"

பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை பயிற்சியில் ஷார்மைன் வழக்கம்போல் சுவரை உதைத்துத் திரும்பினாள். கையை அசைக்காமலே உடல் சரேலென்று முன்னே போனது. அவளுக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது.

அவள் பழகும் குளம் இருபத்தைந்து மீட்டர். நூறு மீட்டருக்குள் மூன்று முறை சுவரை உதைக்கலாம். செரீனாவின் குளத்தில் ஒரே முறைதான். மாநிலப் போட்டியும் ஐம்பது மீட்டர் குளத்தில்தான்.

"ரோனி, உன் சிலிப்பரக் குடு," என்றாள் தம்பியிடம்.

"எதுக்கு?"

"அளக்கணும்."

ஒரு சிலிப்பரைப் பத்தாவது மீட்டரிலும் மற்றொன்றை இருபதாவது மீட்டரிலும் கரையோரமாக வைத்தாள். ரோனி வெறுங்காலோடு சுடுகிற சிமென்டில் குதித்துக் குதித்து நேரம் பார்த்தான்.

சுவரில் திரும்பி, உதைத்து, முதல் சிலிப்பரை அடைய ஏழு வினாடி. அங்கிருந்து அடுத்த சிலிப்பர் வரை, நடுத்தண்ணீரில், எட்டு வினாடி. நான்கு முறை நீந்திப் பார்த்தாள். ஏறக்குறைய அப்படியேதான் வந்தது.

"போதும்க்கா, கால் வேகுது!" என்று கத்தினான் ரோனி.

ஷார்மைன் கரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஒவ்வொரு சுவரும் அவளுக்கு ஒரு வினாடி கொடுக்கிறது. பெரிய குளத்தில் இரண்டு சுவர் குறையும். எண்பதோடு இரண்டு. எண்பத்திரண்டு.

செரீனா எண்பத்தொன்று.

ஷார்மைன் சிலிப்பர்களை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

வீட்டில் அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அப்பா, என்னோட எண்பது சரியான எண்பது இல்லப்பா."

"டைம் எடுத்தது சாருதானே?"

அவள் சுவர்க் கணக்கைச் சொன்னாள். அப்பா கவனமாகக் கேட்டார்.

"இத யாராச்சும் உங்கிட்ட கேட்டாங்களா?"

"இல்லப்பா. யாரும் யோசிக்கல."

"சொன்னா உன் பேரு போயிருமா?"

"போயிடும்னுதான் நெனைக்கிறேன்."

அப்பா தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு கைத்தொலைபேசியை அவள் முன்னால் வைத்தார்.

"சார் நம்பர் இதுல இருக்கு. நீயே பேசும்மா."

அவள் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் விமலன் சார் கேட்டார்.

"எப்படி அளந்த?"

"ரோனியோட சிலிப்பர வச்சு, சார்."

"சிலிப்பரா!" சார் சிரித்துவிட்டார். உடனே அவர் குரல் மாறியது. "நான் பாத்திருக்கணும், ஷார்மைன். அவசரத்துல விட்டுட்டேன் லா. பேரு திங்கக்கிழமதான் அனுப்பணும். சனிக்கிழமை ரெண்டு பேரும் ஷா ஆலம் வாங்க. ஒரே குளத்துல நீந்திப் பாத்துருவோம்."

சனிக்கிழமை காலை இருவரும் ஒன்றாகக் குதித்தார்கள். இருபத்தைந்தாவது மீட்டரில் ஷார்மைனின் கால்கள் பழக்கத்தில் சுவரைத் தேடின. அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது. நீந்தினாள். நீந்திக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு முறை திரும்பினாள். கடைசியில் தோள்கள் கல்லாய்க் கனத்தன. அவள் சுவரைத் தொட்டபோது செரீனா ஏற்கெனவே அங்கே இருந்தாள்.

"செரீனா எண்பத்தொண்ணு. ஷார்மைன் எண்பத்திரண்டு," என்றார் சார். "செரீனா போறா."

ஷார்மைன் தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக்கொண்டாள். அங்கே அழுதால் யாருக்கும் தெரியாது.

மேலே வந்தபோது செரீனா நீச்சல் தடங்களைப் பிரிக்கும் கயிற்றுக்கு அடியில் புகுந்து அவள் பக்கத்தில் வந்திருந்தாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா நீதானே போயிருப்ப?"

"ம்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

ஷார்மைன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரிஞ்சிருச்சே."

செரீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சற்றுப் பொறுத்து ஷார்மைனே கேட்டாள். "நடுவுல சுவரே இல்லாம, உனக்கு மட்டும் எப்படிக் கை ஓயாம இருக்கு?"

"முதல் பாதியில நீ ரொம்ப அவசரப்படுற. வா, காட்டுறேன்."

இருவரும் மீண்டும் நீந்தத் தொடங்கினார்கள். நேரமாகிவிட்டது என்று சார் விசில் அடிக்கும்வரை கரையேறவே இல்லை.