ஒட்டி மூடிய வீட்டில் மிளகாய்

"உந்த யன்னலைத் தொடாதையும்! ரெண்டு நாள் பாடுபட்டு ஒட்டினனான்!"

"தொடாமல் எப்பிடி மிளகாய் வறுக்கிறது? புகை எங்காலை போறது?"

"ஒரு சின்ன ஓட்டை போதும், குளிர் வந்திடும் எண்டு சொல்லுறன்!"

"நான் சொல்லுறதையும் ஒருக்காக் கேளுங்கோவன்!"

அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நிலக்சி மாடிப்படியில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பத்து வயது. அது 1994ஆம் ஆண்டு. பனி கொட்டும் இந்தப் புது நாட்டில், மில்லிக்கன் என்ற இடத்தில் அவர்கள் வாங்கிய வீட்டில் இதுதான் முதல் குளிர்காலம்.

அப்பா எல்லா யன்னல்களுக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒட்டி, தலைமயிர் உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி, மத்தளம் போல இறுக்கியிருந்தார். கதவுகளுக்குக் கீழே பழைய துவாய்கள். குளிர் நுழையக்கூடிய ஒரு இடுக்கையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"அடுப்புக்கு மேலை ஃபான் இருக்கெல்லே? அது புகையை வெளியிலை தள்ளும். போட்டிட்டு வறும்."

"சரி. பிறகு என்னைச் சொல்லக் கூடாது."

அம்மா ஃபானைப் போட்டார். தாச்சியில் செத்தல் மிளகாயைக் கொட்டிக் கிளறத் தொடங்கினார்.

முதலில் வாசம் வந்தது. அடுத்து, "அச்!"

"பொறும்... அச்! இப்ப ஃபான் இழுக்கும்... அச்!" என்றார் அப்பா.

"அது இழுக்கேல்லை அப்பா! புகை திரும்பி எங்கடை முகத்துக்கே வருது!" என்று நிலக்சி கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து, கீழே, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் 'ஹூம்' என்று ஓடத் தொடங்கியது. நிலத்திலிருந்த கம்பித் துளையால் சூடான காற்று வந்தது. நல்ல காற்று கிடைக்கும் என்று நிலக்சி அதற்குமேல் குனிந்தாள். கண்கள் இன்னும் எரிந்தன!

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபேர்னஸ் மிளகாய்ப் புகையையும் சேர்த்து உறிஞ்சி, எல்லா அறைகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது.

துளைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. மிகச் சின்ன இருமல். பிறகு வீறிட்ட அழுகை.

மூவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மன்ற்றில் மக்டலீன் அன்ரி வாடகைக்கு இருந்தார். அவருடைய குழந்தை யூட்சன் பிறந்து இருபது நாள்தான்.

"ஐயோ, அங்கையும் போகுதோ?" அப்பாவின் வாய் மூடவே இல்லை.

அம்மா அடுப்பை நிறுத்தினார். கையிலிருந்த அகப்பை நிலத்தில் விழுந்தது.

நிலக்சி, சூட்டைக் கூட்டிக் குறைக்க சுவரிலிருந்த தெர்மோஸ்ராற்றிடம் ஓடி, முள்ளைக் கடைசிவரை இறக்கினாள். 'ஹூம்' நின்றது. உடனே துளையருகே படுத்துக் கத்தினாள்:

"அன்ரி! காத்து வாற ஓட்டையைத் துவாயாலை மூடுங்கோ! யூட்சனை நல்லாப் போர்த்துங்கோ!"

பிறகு எழுந்தாள். "அப்பா, காரை ஸ்ரார்ட் பண்ணி ஹீற்றரைப் போடுங்கோ. பேபி அதுக்குள்ளை இருக்கட்டும்."

"வெளியிலை மைனஸ் பத்து..."

"அதுதான் ஹீற்றர் எண்டு சொன்னனான்! ஓடுங்கோ அப்பா!"

அப்பா சப்பாத்துப் போட மறந்து, காலுறையோடு பனிக்குள் ஓடினார். அம்மா கம்பளியோடு கீழே ஓடினார். நிலக்சி கத்தரிக்கோலை எடுத்தாள். ஆனால், யன்னலுக்கு முன்னால் அவள் கை தயங்கியது. எவ்வளவு அழகாக ஒட்டியிருந்தார்!

அப்பா நனைந்த காலுறையோடு திரும்பி வந்தார்.

"அப்பா, வெட்டட்டோ?"

அவர் யன்னலருகே வந்தார். விரலால் குத்தி, தாளைத் தானே கிழித்தார். 'டப்'!

"மற்றதை நீ வெட்டு!"

எல்லா யன்னல்களும் திறந்தன. குளிர் உள்ளே பாய்ந்தது. புகை வெளியே போனது.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் காருக்குள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவை மட்டும் காணவில்லை. அவர் வீட்டுச் சுவரோரம் நின்று எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். அது வர வர நீண்டது. அப்பா இடுப்பில் உடுக்கும் பச்சைக் கட்டம் போட்ட சாரம்!

"ஃபான் புகை தள்ளுற வாய்க்குள்ளை ஆர் உதை அடைச்சது?" அம்மா கார்க் கண்ணாடியை இறக்கி, அதிர்ந்துபோய்க் கேட்டார்.

"குளிர் வருமெண்டு..." அப்பா தலையைக் குனிந்தார். "நான்தான். மறந்துபோனன்."

நிலக்சி யூட்சனின் நெஞ்சருகே காது வைத்தாள். இருமல் இல்லை. மூச்சு மெத்தென்று வந்துபோனது. அவன் அவளுடைய விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனான்.

அப்பா முன் சீற்றில் ஏறினார். பின்னால் இருந்த மக்டலீன் அன்ரியைத் திரும்பிப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"தங்கச்சி, எங்கடை பிழைதான்..."

மக்டலீன் அன்ரி சிவந்த கண்களைத் துடைத்தார். யன்னல்கள் எல்லாம் ஆவென்று திறந்து கிடந்த வீட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். இப்போது நல்ல ஏச்சு விழப்போகிறது என்று நிலக்சி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மிளகாய் கருகாமல் வறுபட்டுதோ?"