குட்டியின் தலை காயவில்லை

காலை ஒன்பது மணிக்கு ஏரியிலிருந்து கரையேறிய மகளின் தலைமுடி, பிற்பகல் இரண்டு மணிக்கும் சொட்டிக்கொண்டிருந்தது.

பதினாறு வருடமாக அழகு நிலையம் நடத்துகிறவள் குட்டியின் அம்மா. எந்த முடி எவ்வளவு நேரத்தில் காயும் என்று விரல்களே சொல்லிவிடும். குட்டிக்கு அப்பாவைப் போல மெல்லிய முடி. வெயிலில் கால் மணி நேரம் நின்றால் போதும். விடுதி அறையின் ஜன்னலோரம் உட்காரவைத்து, டிரையரை முழுச்சூட்டில் வைத்து, சீப்பால் பகுதி பகுதியாகப் பிரித்து நாற்பது நிமிடம் ஊதியபிறகும், உச்சந்தலையில் கைவைத்தால் ஐஸ் போல ஈரம். நாற்காலிக்குக் கீழே சின்னதாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. துடைத்த துண்டை முகர்ந்து பார்த்தாள். காலையில் கரையில் அடித்த வாசனை இல்லை. வெயிலே படாத அடிச்சேற்றின், அழுகிய பாசியின் வாசனை.

ஏரிக்கரை ஊர்களைச் சுற்றிப் பார்ப்பதுதான் அந்த விடுமுறையின் திட்டம். நான்கு நாளில் மூன்று ஊர், இது இரண்டாவது. காலையில் கணவன், அவன் தங்கை, குட்டி மூவரும் மிதவையைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் நீந்திப் போனார்கள். காதில் அறுவை சிகிச்சை நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்ததால் அவள் தண்ணீரில் இறங்கவில்லை. மணலில் படுத்தவள் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது மூவரும் அவள் கால்மாட்டில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்கள் என்று தெரியவில்லை. யாரும் அவளை எழுப்பவுமில்லை.

"லீவுல கூட கடையத் திறந்துட்டியா?" என்று அறையில் டிரையரும் கையுமாக நின்றவளைப் பார்த்துக் கணவன் சிரித்தான்.

"தொட்டுப் பாருங்க."

"ஒழுங்கா துவட்டியிருக்க மாட்டே. கிளம்பு, அடுத்த ஊருக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்."

காரில் அவள் முன்னால் உட்கார்ந்தாள். நாத்தனாரும் குட்டியும் பின்னால். ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கிவிடச் சொன்னாள். ஏரி மரங்களுக்குப் பின்னால் மறைந்து, சாலை மேடேறி, இருபுறமும் வறண்ட புல்வெளி வந்தது. அனல்காற்று முகத்தில் அடித்தது. அந்த இரைச்சலையும் மீறி, பின்னாலிருந்து, ரப்பர் விரிப்பின்மேல் ஒவ்வொரு சொட்டாக விழும் சத்தம் அவளுடைய நல்ல காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது இரண்டு இடத்திலிருந்து கேட்டது.

"அண்ணி, எனக்கும் பின்னல்ல இருந்து சொட்டுது," என்று நாத்தனார் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

கணவனின் பிடரியிலிருந்து ஒரு நீர்க்கோடு சட்டைக் காலருக்குள் இறங்கியது. புறங்கையால் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

"குளிருதா குட்டி?"

"இங்க குளிருதும்மா." குட்டி அண்ணாந்து பார்த்தாள். "மேலதான் வெயிலா தெரியுது."

"ஏங்க, வண்டிய நிறுத்துங்க. முதல்ல டாக்டரப் பாக்கலாம்."

கணவன் எதிர்த்துப் பேசாமல் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினான். அவன் பேசாததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. இறங்கி ஓட்டமாகப் போய், பங்க்கை ஒட்டிய கடையில் துண்டுகள் வாங்கினாள். ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டாள்.

"நேராப் போனா பத்து நிமிஷம்," என்றாள் கடைக்காரம்மா. "யாருக்கு என்ன?"

என்ன சொல்வது?

"தலை காயல," என்றாள்.

கடைக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. காரின் கண்ணாடிகள் நான்கும் ஏற்றப்பட்டிருந்தன. பெட்ரோல் போடுகிறவர் குழாயைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"உங்க வண்டியாம்மா இது?" என்றார்.

கிட்டே போனாள்.

மூன்று முகங்களும் அண்ணாந்திருந்தன. கண்கள் திறந்திருந்தன. அவை கூரையைப் பார்க்கவில்லை. அதற்கும் வெகு உயரத்தில் எதையோ.

நாத்தனாரின் பின்னல் அவிழ்ந்திருந்தது. முடி தோளில் விழவில்லை. மேலே எழுந்து நின்றது. மெல்ல விரிந்தது. ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபக்கம் திரும்பியது. காற்றே இல்லாத காருக்குள்.

துண்டுகள் கீழே விழுந்தன. பின்கதவைத் திறந்தாள்.

ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை. குளிர் மட்டும் வந்தது.

"குட்டி."

குட்டியின் உதடு பிரிந்தது. ஒரு குமிழி. மெதுவாக மேலேறியது. கூரைத் துணிக்குள் புகுந்து மறைந்தது.

கால்கள் தரையில் இல்லை. உடம்பு சீட்டில் இல்லை. விரல்கள் விரிய, இரண்டு கைகளும் மேலே நீண்டிருந்தன. உதைத்து உதைத்து மேலே போகப் பார்த்தாள் குட்டி. சீட் பெல்ட் மட்டும் அவள் இடுப்பை இறுக்கி, கீழேயே பிடித்து வைத்திருந்தது.