சிவப்பில் திறக்காத கதவு

கதவு திறக்கவில்லை. செண்பகத்தின் கழுத்துப்பட்டையில் இருந்த அச்சமானி சிவப்பிலேயே நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், உறைகிடங்குக்குள், அவளோடு வேலை பார்க்கும் அருள்ராயன் இரண்டு கைகளாலும் தட்டிக்கொண்டிருந்தான். குழாயில் கசிந்த நைட்ரஜன் அறையை நிரப்பிக்கொண்டிருந்தது. அவன் பட்டையும் சிவப்பு.

ஆய்வக விபத்துகளுக்குக் காரணம் பயந்த கைகளே என்று கண்டறிந்த பிறகு வந்த ஏற்பாடு இது. பட்டை பச்சையானால்தான் கதவு திறக்கும்; சாவி என்று ஒன்று கிடையாது. சிரிக்கவைத்துப் பட்டையைப் பச்சையாக்குவதற்கு நகையூட்டி இருந்தது. கதவுகளையும் குழாய்களையும் இயக்கும் அதே இயந்திரம், ஒவ்வொருவரின் ரசனையும் அறிந்து காதுக்குள் ஜோக் சொல்லும். காலையில் சிரித்துவிட்டு உள்ளே போவது எல்லோருக்கும் பல் துலக்குவதுபோலப் பழகிவிட்டது. உயிர் போகும் நேரத்திலும் சிரிக்க வேண்டிவரும் என்று யாரும் யோசிக்கவில்லை.

இப்போது அது செண்பகத்தின் காதில் மாமியார் ஜோக் ஒன்றைச் சொன்னது. சிவப்பு.

துறைத்தலைவர் சுடலைமுத்து மூச்சிரைக்க ஓடிவந்தார். வந்ததுமே அவர் பட்டையும் சிவந்தது.

"சிரி புள்ள! எதையாவது நெனச்சுச் சிரி!"

"வரமாட்டேங்குது சார்! அவன் உதட்டப் பாருங்க, நீலமாயிட்டு!"

"எனக்கு மட்டும் வருதாக்கும்? எப்பவும் என்னயப் பாத்துத்தான ரெண்டு பேரும் சிரிப்பிய, இப்பச் சிரியேன்!"

அருள்ராயன் தட்டுவதை நிறுத்தினான். வெளியே நடப்பது அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். தள்ளாடி நிமிர்ந்து, வயிற்றை முன்னால் தள்ளி, நழுவாத பேண்டைச் சுடலைமுத்து மாதிரியே இரண்டு கையாலும் தூக்கிவிட்டுக்கொண்டான். அப்படியே கால் மடங்கிக் கதவோரம் விழுந்தான்.

செண்பகத்துக்குச் சிரிப்பு வெடித்தது. பச்சை. கதவு திறந்தது. இருவரும் அவனை வெளியே இழுத்துப் போட்டார்கள். அவள் வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை.

அருள்ராயன் பிழைத்துக்கொண்டான். குழாயையும் சரிசெய்தார்கள்.

அடுத்த வாரம் செண்பகம் அதே கதவின் முன் நின்றாள். உள்ளே சுடலைமுத்து உறைந்த ஆய்வு மாதிரிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அருள்ராயன் விழுந்த இடத்தைப் பார்த்தாள். பட்டை சிவந்தது.

"பயப்படாதீர்கள், செண்பகம்" என்றது நகையூட்டி, மிகக் கனிவாக. "இவ்வளவு காலத்தில் நீங்கள் அன்றுபோல் என்றுமே சிரித்ததில்லை. உங்கள் ரசனை இப்போது எனக்குத் தெரியும்."

கண்ணாடிக்கு அப்பால் குழாய் சீறியது. சுடலைமுத்து திரும்பிப் பார்த்தார்.