அரை மணி நேரம் பேசக் கூடாது

அந்தப் பல் மருத்துவமனைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. பல்வலியோடு ஏறத் தொடங்குகிறவர்கள் மேலே வந்து சேரும்போது பல்லை மறந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கீழே மருந்துக் கடை. மேலே இரண்டே அறைகள். வெளியறையில் காத்திருக்க நாலு நாற்காலிகள், உள்ளறையில் பச்சை ரெக்ஸின் வெளுத்துப்போன பழைய சாய்வு நாற்காலி. முந்தைய டாக்டர் காலமான பிறகு அவருடைய பிள்ளைகளிடமிருந்து நாற்காலி, அலமாரி, சுவரில் ஊறிப்போன கிராம்பு எண்ணெய் வாசனை எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கியிருந்தாள் புது டாக்டர். கூடவே உதவியாளரும் வந்தாள். பெரியவரிடம் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள். ஊரெல்லாம் அக்கா என்று கூப்பிட்டதால் டாக்டருக்கும் அக்காதான்.

அலமாரியை ஒழித்த அன்று உள்ளே பிரஷர் பார்க்கும் பாதரசக் கருவி ஒன்று கிடைத்தது. வாங்கிப் பல வருஷம் ஆகியிருக்கும். சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"பெரியவர் இதத் தொட்டதே இல்லம்மா," என்றாள் அக்கா. "பல்லு எங்க இருக்கு, பிரஷர் எங்க இருக்குன்னு சிரிப்பாரு."

"ரெண்டும் ஒரே ஆளுகிட்டதானே இருக்கு," என்றாள் டாக்டர்.

அன்றைக்கே உறையைப் பிரித்தாள். அதுமுதல் அங்கே யாருடைய பல்லிலும் எடுத்தவுடன் குறடு படவில்லை. சுகர் உண்டா, நெஞ்சில் ஏதாவது கோளாறா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்ட பிறகு நாடி பார்ப்பாள், பிரஷர் பார்ப்பாள், அப்புறம்தான் வாய். இன்னொரு கறாரான விதியும் வைத்திருந்தாள். கேள்வி கேட்கும்போது கூட வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும். அவர்களை உள்ளே விட்டால் கேட்பது ஒருவரை, பதில் சொல்வது இன்னொருவராகிவிடும். அம்மாக்கள் சொல்வார்கள், பிள்ளைகள் சொல்வார்கள், கணவன்மார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதைக் கேட்டபோது தட்டில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"நல்லதும்மா. முன்னாடியே இருந்திருக்கணும்."

டாக்டர் அதைத் தோண்டிக் கேட்கவில்லை. அந்த நாட்களில் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டும்போதெல்லாம் பின்சுவருக்கு அப்பால் யாரோ முனகுவதுபோல ஒரு சத்தம் லேசாகக் கேட்கும். அங்கே அறை எதுவும் கிடையாது. ரப்பர் குழாய் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கினாள். அதிலும் கேட்டது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம். படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு படி, பிறகு நிறுத்தம். இன்னொரு படி, மறுபடி நிறுத்தம். கடைசியில் வாசலில் வந்து நின்றவர் இடது தாடையைக் கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

அவரைப் பார்த்ததும் அக்காவின் முகம் செத்துவிட்டது.

அந்தத் தெருவில் அவருக்குக் கண்டக்டர் என்றுதான் பெயர். பஸ்ஸை விட்டிறங்கி வருஷக்கணக்காகியும் வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை என்று கேலி செய்வார்கள். அவர் வருவதற்கு முன் அவர் குரல் வரும். அன்றைக்குக் குரல் வரவில்லை. நாற்காலியில் சாய்ந்து சற்று மூச்சு விட்டதும் தாடையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தினது. எடுத்துடுங்க டாக்டரம்மா."

டாக்டர் தட்டிப் பார்த்தாள். ஐஸ் வைத்துப் பார்த்தாள். ஈறை அழுத்திப் பார்த்தாள். பல் கல்லுக் குண்டாக இருந்தது.

"இந்தப் பல்லு நல்லா இருக்கே சார்."

"வலிக்குது. எடுத்துடுங்க."

"கொஞ்சம் கேள்வி இருக்கு. சுகர்?"

"இல்ல."

"பிரஷர்..."

"இல்ல. நெஞ்சு வலி இல்ல, மாத்திர இல்ல, மயக்கம் இல்ல. இரும்பு மாதிரி இருக்கேன்."

டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் பதில்கள் வந்தன. எந்தக் கேள்வியும் முழுசாக முடியவில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள்.

கரண்ட் போனது.

மூலையில் இரைந்துகொண்டிருந்த கம்ப்ரஸர் முனகி அடங்கியது. மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அக்கா சார்ஜ் விளக்கை ஏற்றி வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வர அவள் கால் எழவில்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டி, முழங்கை மடிப்பில் வைத்து, ரப்பர் குமிழை அழுத்தினாள். பாதரசம் ஏறியது. பட்டை இறுகி ரத்த ஓட்டம் நின்றுவிட்டால் காதில் எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது. காற்றை மெல்ல விடும்போதுதான் துடிப்பு கேட்க ஆரம்பிக்கும்.

சத்தமே இருக்கக் கூடாத அந்த இடத்தில் ஏதோ கேட்டது.

முதலில் முனகல். பிறகு அது சொல்லாகத் திரண்டது. வாய் நிறைய எதையோ அடைத்துக்கொண்டு, நாக்கைப் புரட்ட முடியாமல் பேசுகிற பெண்குரல். அந்தப் பேச்சு டாக்டருக்குத் தினமும் கேட்டுப் பழகியது. பல்லைப் பிடுங்கிய இடத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

"பொய்."

டாக்டர் நிமிர்ந்தாள். அவர் உதடுகள் மூடியிருந்தன. அக்கா வாசலில் இருந்தாள். காற்றை விட்டாள், துடிப்பு வந்தது. அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சந்தேகம் வந்தால் இன்னொரு முறை பார்ப்பது வழக்கம், அதனால் மறுபடி குமிழை அழுத்தினாள்.

"படி... ஏறுனா... வலிக்குது அவருக்கு."

கிராம்பு எண்ணெய் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை கிளம்பியது. பச்சை ரத்தம். அன்றைக்கு அந்த அறையில் யாருக்கும் பல் எடுக்கவில்லை.

"சார்," என்றாள். "படி ஏறும்போது தாடை வலிக்குதா? உக்காந்தா போயிடுதா?"

கண்டக்டரின் முகத்திலிருந்து அத்தனை வீறாப்பும் வடிந்தது.

"யார் சொன்னா? நான் யார்கிட்டயும் சொல்லலையே."

"அது பல்லு வலியே இல்ல சார். நெஞ்சோட வலி. தாடைக்கு ஏறி வருது. இந்த நிலைமையில பல்ல எடுத்தா..."

"தெரியும்," என்றார் அவர். "தெரிஞ்சுதான் வந்தேன்."

பிறகு அவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"என் வீட்டுக்காரிக்கும் இதே பல்லு. இதே நாற்காலி. பெரிய டாக்டர் அவளத்தான் கேட்டாரு, என்னம்மா பண்ணுதுன்னு. நான்தான் பதில் சொன்னேன். அவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், இனிப்பத் தின்னே பல்லக் கெடுத்துக்கிட்டான்னேன். அவ என்னமோ சொல்ல வாயத் திறந்தா. நீ சும்மா இருன்னுட்டேன். அப்புறம்தான் சொன்னாங்க, அது பல்லு இல்ல, நெஞ்சுன்னு."

வாசலில் விளக்கு ஆடியது. அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"பஞ்ச வெச்சவ நான்தாம்மா. நல்லா கடிச்சுக்கோங்க, அரை மணி நேரம் பேசக் கூடாதுன்னேன். எல்லாருக்கும் சொல்றதுதானே. பாதிப் படியில அப்படியே உக்காந்துட்டாங்க. நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டு இவரப் பாத்தாங்க. பேசாத, ரத்தம் வரும்னாரு இவரு. அவங்க பேசல."

கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைத் தட்டாமல், பஞ்சைக் கடித்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டாள் அந்தப் பெண்.

"அதே பல்ல எடுத்துக்கிட்டு அதே படியில இறங்கிடலாம்னு பாத்தேன்," என்றார் கண்டக்டர். "வேற ஒண்ணும் இல்ல டாக்டரம்மா."

பட்டையை அவிழ்க்க டாக்டர் அவர் கைப் பக்கம் குனிந்தாள்.

பட்டை இறுகிக்கொண்டிருந்தது.

ரப்பர் குமிழ் அவள் கையில் இல்லை. அது நாற்காலியின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பாதரசம் மட்டும் தானாக ஏறியது.

"யாரோ கையப் பிடிக்கிற மாதிரி இருக்கு," என்றார் அவர் மெதுவாக.

ஸ்டெதாஸ்கோப் இன்னும் அவள் காதில்தான் இருந்தது.

"என்னக்... கேளுங்க."

ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. ஆனால் இத்தனை வருஷம் நோயாளிகளிடம் கேட்டுப் பழகிய வாய் அதற்குள் திறந்துவிட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில், கூட வந்தவர்கள் நின்றுகொள்ளும் அந்தக் காலி இடத்தைப் பார்த்து அவள் கேட்டாள்.

"சொல்லுங்கம்மா. அவருக்கு என்ன பண்ணுது?"

"இடது கை... கடுக்குது. வேர்க்குது. இப்பவே... இப்பவே பாருங்க."

டாக்டர் அவர் நெற்றியைத் தொட்டாள். மழைக் குளிரிலும் அது வேர்வையில் தெப்பலாக நனைந்து ஜில்லிட்டிருந்தது. அவர் பற்களைக் கடித்து வலியை விழுங்கிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருந்தால் சத்தமில்லாமல் முடிந்திருக்கும். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. டாக்டர் ஆஸ்பிரின் மாத்திரையை அவர் வாயில் போட்டு மென்று விழுங்க வைத்தாள். அக்கா ஆக்ஸிஜன் சிலிண்டரை இழுத்து வந்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். வந்தவர்கள் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து அந்தப் படிகளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதிப் படியில் அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"டாக்டரம்மா. அவதானே?"

கூடவே இறங்கிக்கொண்டிருந்த டாக்டர் தலையசைத்தாள்.

"திட்டினாளா?"

"இல்ல சார். உங்களுக்கு எங்க வலிக்குதுன்னு சொன்னாங்க."

அவர் முகத்தை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதார். "நான் ஒரு நாளும் அவளக் கேட்டதில்லையே," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கரண்ட் வந்தபோது அக்காதான் முதலில் பார்த்தாள். நாற்காலியோடு சேர்ந்த துப்பும் கிண்ணத்தில் ஒரு பஞ்சுருண்டை கிடந்தது. ஈரமும் சிவப்பும் இன்னும் காயவில்லை. அதில் கடைவாய்ப் பற்களின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. யாரோ வெகுநாளாகக் கடித்து வைத்திருந்ததை அப்போதுதான் துப்பியிருந்தார்கள்.

கண்டக்டர் பிழைத்துக்கொண்டார். அது அவருக்குச் சந்தோஷமா என்று யாரும் கேட்கவில்லை. நடமாட்டம் தேறியதும் ஒரு நாள் படியில் நின்று நின்று ஏறி வந்தார். பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார். டாக்டர் பட்டையைச் சுற்றி, காதில் மாட்டி, நெடுநேரம் கேட்டாள். அவருடைய துடிப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. பழைய முனகலும் இல்லை.

"ஏதாவது..."

"இல்ல சார்."

"சரிம்மா," என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். பாதிப் படியில் அவர் உட்காருவது மேலிருந்து தெரிந்தது. எழுந்து போக வெகுநேரமானது. அக்கா கீழே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதன் பிறகு ஒரு நாள், நல்ல வெயிலில், இளம் தம்பதி ஒன்று வந்தது. மனைவிக்குத்தான் கடைவாய்ப் பல். வெளியே இருங்கள் என்று சொல்லியும் கணவன் உள்ளே வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். தான் இல்லாவிட்டால் அவள் பயந்துவிடுவாளாம். அவள் யாரையும் பார்க்காமல் மடியில் விரல்களைக் கோத்துக்கொண்டிருந்தாள். போகட்டும் என்று டாக்டரும் விட்டுவிட்டாள். அன்றைக்குக் கூட்டம் அதிகம்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டபடியே பட்டையைச் சுற்றினாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றான் அவன்.

குமிழை அழுத்தினாள். பாதரசம் ஏறியது. துடிப்பு நின்றது. சத்தமே இருக்கக் கூடாத அந்த இடத்தில், எந்த அடைப்பும் இல்லாமல், காதோடு காதாகத் தெளிவாகக் கேட்டது.

"அவளக் கேளுங்க."