பதினோராவது முகம்

மொன்றியலின் சென்ட் லோரன்ட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையைத் தாண்டி, ஜெயமதி அந்தப் பழைய வீட்டு மணியை அடித்தபோது பின்னேரம் மூன்று மணி. கார்த்திகை வெளிச்சம் அதற்குள்ளேயே மங்கத் தொடங்கியிருந்தது. கதவைத் திறந்த இங்கிரிட் என்ற ஜெர்மன்காரிக்கு எண்பது வயதிருக்கும். உள்ளே நோவெண்ணெயும் ஈரமண்ணும் கலந்த மணம். வீட்டுக்குள் எப்படி மண் மணக்கிறது என்று ஜெயமதி யோசித்தாள். ஆனால் வேலை தருகிற வீட்டில் மூக்கைச் சுளிக்க முடியுமா?

பழுதான படங்களைத் திருத்துவது அவள் தொழில். செத்தவர்களின் படமென்றால் மொன்றியலில் இருக்கிற மட்டக்களப்புச் சனம் முழுக்க அவளிடம்தான் வரும். அடையாள அட்டையிலிருந்து தலையை வெட்டி, கோட்டும் டையும் போட்ட யாரோ ஒருவரின் உடம்பில் வைப்பாள். கண் தெளிவில்லையென்றால் தம்பிக்காரனின் கண்ணை எடுத்துப் பொருத்துவாள். முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அதைப் பார்த்துவிட்டு, "அப்பிடியே உரிச்சு வச்ச மாதிரி" என்று அழுவார்கள்.

இங்கிரிட் நீட்டியது ஒரு உதைபந்தாட்ட அணியின் கறுப்பு வெள்ளைப் படம். 1944ஆம் ஆண்டு. பதினொரு பேர். நடுவில் நின்ற கோல்காப்பாளருக்கு முகம் இல்லை. யாரோ ஆணியால் சுரண்டியிருந்தார்கள்.

"என் அப்பா வெர்னர்," என்றாள் இங்கிரிட் பிரெஞ்சில். "பதினெட்டு வயதில் ஊர் அணி. இருபதில் நாட்டு அணிக்குத் தெரிவானார். பிறகு யுத்தம். ஒவ்வொருவராகப் போர்முனைக்குப் போக, லீவில் வந்த சிப்பாய்களைச் சேர்த்துப் பதினொன்றாக்கி ஆடினார்களாம். குண்டுவீச்சுச் சங்கு ஊதினால் பதுங்குகுழிக்கு ஓட்டம், அடங்கினால் திரும்ப ஆட்டம். கனடா வந்தபிறகு அவர் பந்தைத் தொடவே இல்லை."

அவருடைய பழைய கழகம் நூற்றாண்டு மலர் போடுகிறது. இளவயதில் எடுத்த வேறு படம் கிடையாது. இந்தப் படத்தைத் திருத்தித் தரவேண்டும். அவ்வளவுதான் வேலை.

மேல்மாடியில் யாரோ நடந்தார்கள். அடியில் ஆணி வைத்த சப்பாத்துச் சத்தம்.

"மேலே யார்?"

"வீட்டைச் சூடாக்குகிற குழாய்," என்றாள் இங்கிரிட், நிமிர்ந்து பார்க்காமலே.

பார்க் எக்ஸ்டென்ஷனில் தன் வீட்டில் இருந்து மூன்று நாள் அந்த முகத்தோடு மல்லுக்கட்டினாள் ஜெயமதி. சுரண்டின இடத்தில் எடுக்க ஒன்றுமில்லை. கடைசியில் வழக்கமாகச் செய்கிறதையே செய்தாள். அவள் கணவன் றூபனும் ஒரு காலத்தில் மட்டக்களப்பில் கோல் காத்தவன்தான். இருபது வயதில் எடுத்த அவன் படத்தில் தாடை நன்றாகப் பொருந்தியது. கறுப்பு வெள்ளையில், தொப்பி நிழலில், நிறமா தெரியப்போகிறது? இங்கிரிட் பார்த்துவிட்டு அழுதாள். "இது அப்பாவேதான்."

வியாழக்கிழமை றூபன் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை முடிந்து வந்தபோது அவன் முழங்காலெல்லாம் சேறு.

"இதென்ன கோலம்? எங்க விழுந்தீங்க?"

"தெரியா மதி. ஆரோ கூப்பிட்ட மாதிரிக் கிடந்தது. பிறகு பாத்தா வேலிக்கரையில தனிய நிக்கிறன்."

அவன் முகம் வைத்த படம் அவளுக்கு ஞாபகம் வந்தது. கம்பியூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தாள். மற்றப் பத்துப் பேரும் முன்பு நேரே பார்த்துக்கொண்டு நின்றவர்கள். இப்போது எல்லாரும் கோல்காப்பாளரைப் பார்த்தார்கள்.

அந்த முகங்களில் அவள் கையே வைக்கவில்லை.

இங்கிரிட்டுக்கு போன் அடித்தாள். படத்தில் கண்டதைச் சொல்லி, முகத்தைச் சுரண்டினது யார் என்று கேட்டாள்.

"சுரண்டினது அப்பாதான்," என்றாள் கிழவி. "படம் எடுத்த கிழமையே எல்லாரையும் ஒரே ரயிலில் போர்முனைக்கு அனுப்பினார்கள். புறப்படுவதற்கு முதல்நாள் அப்பா தன் கையைக் கதவிடுக்கில் வைத்துத் தானே முறித்துக்கொண்டார். போன பத்துப் பேரில் ஒருவரும் திரும்பவில்லை. முகம் இருந்தால் அவர்கள் தேடி வருவார்கள் என்று சாகும்வரை சொன்னார். நான் விசர்க்கதை என்று நினைத்தேன்."

"அதை அனுப்பாதீங்க!"

"முந்தாநாளே அனுப்பிவிட்டேன். அச்சாகிவிட்டது."

ஜெயமதி படத்தைக் கம்பியூட்டரில் அழித்தாள். கையிலிருந்த பிரதியைச் சுக்குநூறாகக் கிழித்தாள். ஜெர்மனியில் கிடக்கும் மூவாயிரம் புத்தகங்களை என்ன செய்வாள்?

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு இருட்டிவிட்டது. றூபன் ஜாக்கெட்டும் போடாமல் வாசலில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"இஞ்சேருங்க, எங்க போறீங்க?"

"கீழ நிக்கிறாங்க மதி. பத்துப் பேர். கோலுக்கு ஆள் இல்லையாம்."

படிக்கட்டில் சத்தம் கேட்டது.

ஆணி வைத்த சப்பாத்துகள்.

ஒரு படி. அடுத்த படி.

கதவு தானாகத் திறந்தது. வெளியே ஒருவரும் இல்லை. றூபன் எழுந்து இடக்கையை இருட்டுக்குள் நீட்டினான். ஜெயமதி பாய்ந்து அவன் வலக்கையை இரண்டு கையாலும் பற்றினாள். அது பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. மறுபக்கத்திலிருந்து எதுவோ அவனை இழுத்தது. அவள் பாதங்கள் தரையில் வழுக்கின.

"இவர் உங்கட ஆள் இல்ல," என்று கத்தினாள். அவர்களுக்குத் தமிழ் விளங்குமா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. "இவர் என்ட மனுசன். முகத்தை வச்சது நான். பிழை என்னிலதான். இவரை விடுங்க!"

இழுவை நின்றது.

சத்தம் படி இறங்கிப் போனது. றூபன் அப்படியே தரையில் இருந்து, "குளிருது மதி," என்று சின்னப்பிள்ளையாக அழுதான். அவள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். மனுசன் மிஞ்சிவிட்டான், அது போதும்.

மறுநாள் காலை கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மலரின் ஆசிரியர் நன்றி சொல்லிவிட்டு ஒரு சந்தேகம் கேட்டிருந்தார்.

"பதினொரு வீரர்களின் பெயரும் எங்களிடம் இருக்கிறது. அச்சான படத்தில் வெர்னரின் வலக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண் யார்? மற்றப் பத்துப் பேரும் அவளையே பார்க்கிறார்கள், அதனால் கேட்கிறேன்."