பின்கதவை அடைத்த வீடு

விளக்கைப் போட்டால் பூச்சி விளக்குக்குத்தான் வரும். எந்த ஊரிலும் உள்ள கதைதான் அது. இந்த வீட்டுக் கூடத்தின் நடுவில் பல்பு பளீரென்று எரிந்துகொண்டிருக்க, ஒரு பூச்சிகூட அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எல்லாம் தரையில் இருந்தன. சுவரும் தரையும் சேரும் இடத்தை ஒட்டி, யாரோ எள்ளை வரிசையாகக் கொட்டிக்கொண்டே போனது போல, சமையலறையைத் தாண்டிப் பின்கதவு வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. குனிந்து பார்த்தால் கோடு அசைந்தது.

வந்து இறங்கிய முதல் சாயங்காலமே அவள் அதைப் பார்த்துவிட்டாள். அட்டைப்பெட்டிகள் பாதி பிரித்தும் பிரிக்காமலும் கிடந்தன. நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ரயிலில் வந்த உடம்பு, நின்ற இடத்திலும் ஆடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி ஒன்றை நசுக்கினாள். துருப்பிடித்த தண்ணீரின் வாசம் வந்தது. இறகு இருந்தும் ஒன்றும் பறக்கவில்லை. செத்ததைச் சுற்றிக்கொண்டு மற்றவை தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் தலையைச் சொறிந்தபடி பார்த்துவிட்டு, "புது ஊருதானே, பழகிடும்" என்றான்.

இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவன் அவளை இவ்வளவு தூரம் இழுத்து வந்திருந்தான். குளிர்பதனக் கிடங்கில் அவனுக்கு மேலாளர் பதவி. அதற்காக ஊர் விட்டு ஊர். அவளிடம் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து கேட்டான். பழைய ஊரில் பெரிய மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ரத்தமும் சதையுமாக ஒரு வாசல் வழியாக வரும். கழுவி, துடைத்து, உறையில் போட்டு, விளிம்பைச் சூட்டில் ஒட்டி, ஆவியில் வேகவைத்து இன்னொரு வாசல் வழியாக அனுப்புவார்கள். நடுவே தரையில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு உள்ளே சுத்தம், வெளியே அழுக்கு. ஒட்டிய விளிம்பை நகத்தால் நீவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் தூக்கி எறிந்துவிடுவாள். கூட வேலை பார்த்த பெண்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'பசை'. அவள் அதைக் கேட்டு உள்ளுக்குள் பெருமைப்பட்டவள்தான்.

இங்கே பசைக்கு வேலை இல்லை. ஊர் மருத்துவமனையில் விசாரித்தபோது, ஆள் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம் என்று ஒரு எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். கடைக்காரன் அவள் பேச்சைக் கேட்டதும் அடிபட்ட தக்காளியாகப் பார்த்து எடை போட்டான். பள்ளிக்கூட வாசலில் நின்ற தாய்மார்கள் அவள் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவளுக்கு இந்த ஊரோடு ஒட்டுமில்லை உறவுமில்லை. மகள் சிட்டு மட்டும் வந்த வேகத்தில் ஒட்டிக்கொண்டாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. ஒரு மாதத்துக்குள் இந்த ஊர்க் குழந்தைகள் போலவே இழுத்து இழுத்துப் பேசினாள். இந்த வீட்டை 'நம்ம வீடு' என்றாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்த ஒன்றும் கைநழுவிப் போவது போல ஒரு பயம், அதைக் கோபமாகத்தான் அவளுக்குக் காட்டத் தெரிந்தது.

பின்பக்கத்து வீட்டில் ஒரு பேருந்து ஓட்டுநரின் குடும்பம். நடுவில் ஒரு சந்து மட்டும். ஓட்டுநரின் மனைவி ஒருநாள் சந்தில் நின்றபடியே பேச்சுக் கொடுத்தாள். பொழுது சாயும்போது பின்கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்கச் சொன்னாள். இந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தானாம். ஏன் என்று கேட்டதற்கு, "நாங்க குடி வந்தப்பவும் இப்படித்தான் சொன்னாங்க தங்கச்சி. நானும் ஏன்னு கேட்டுக்கல" என்றாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பூச்சிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறை. எட்டிப் பார்த்தால் உண்மையிலேயே சந்து நெடுகப் பின்கதவுகள் ஆவென்று திறந்து கிடந்தன. அழுக்குப் பிடித்த ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சிட்டு அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடப் பையை எறிந்த கையோடு பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாசற்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோடு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சமையலறைக்குள் நுழைந்தவள் கண்டது, பிள்ளையின் புறங்கை மேலே ஏறி, மணிக்கட்டைக் கடந்து, மறுபக்கம் இறங்கிப் போகும் கறுப்பு வரிசையை. சிட்டு கூச்சத்தில் நெளிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இவள் கை தானாக ஓங்கியது. அறை விழுந்த சத்தத்தில் சந்துப் பக்கம் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

அந்த வார இறுதியில் அவள் வீட்டை அடைத்தாள்.

வேலை என்று கையில் ஒன்று கிடைத்ததில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்! ஜன்னல்களில் நுண்வலை, முன்கதவின் அடியில் ரப்பர் பட்டை, தரையோரத்து வெடிப்புகளில் வெள்ளைச் சிமெண்ட், குழாய் போகும் துளைகளில் சிலிகான் பசை. பின்கதவைத் தாழிட்டு, சட்டத்தைச் சுற்றிலும் பசையை இழுத்து, அதன்மேல் அகல டேப்பை இரண்டு சுற்று ஒட்டி, நகத்தால் நீவி நீவி அழுத்தினாள். பிறகு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி விளிம்பு நெடுகக் காட்டிக்கொண்டு போனாள். சுடர் ஆடவில்லை. கணவன் வாசலில் நின்று, "இது வீடா, டப்பாவா?" என்று கேட்டான். உங்கள் கிடங்கைவிடச் சுத்தமான டப்பாதான் என்று அவள் சொன்னாள்.

பசையின் நெடியில் தலை வலித்தது. பழைய வேலையில் பழகிய முகக்கவசங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன; அவள் ஒன்றை மாட்டிக்கொண்டு படுத்தாள், அன்றிலிருந்து வீட்டுக்குள் பெரும்பாலும் அதோடுதான் இருந்தாள். மற்ற இருவருக்கும் கொடுத்தாள். மூச்சு முட்டுகிறது என்று சிட்டு கழற்றி எறிந்தாள். கணவன் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் கோடு வழக்கம்போல வந்தது. பின்கதவை எட்டியதும் நின்றது. நின்றவை மேல் நின்றவை ஏறின. டேப்பை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்தன. உள்ளே ஏற்கெனவே நுழைந்துவிட்ட கழிசடைகள், மாட்டிக்கொண்டன என்று அவள் நினைத்தாள். வாரித் தூக்கிப் பூச்சிக்கொல்லி மருந்தில் கொட்டினாள். அடுத்த நாளும் அதே அளவு. அதற்கடுத்த நாளும். சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. முறத்தில் அரிசியைச் சாய்த்து, நிறுத்தி, மறுபடி சாய்ப்பது போல. காதை வைத்தால் நின்றுவிடும். காதை எடுத்தால் அந்த இடத்திலிருந்து தள்ளிக் கேட்கும், படுக்கையறைப் பக்கமாக.

பிறகு ஒருநாள் கோடு வரவில்லை. சுவரிலும் சத்தமில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினாலும் தரையில் ஒன்றுகூட இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீடு அமைதியானது. கொஞ்சம் அதிகமாகவே அமைதியானது. சிட்டு பேசுவதை நிறுத்தியிருந்தாள். கேட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். அறைந்த கோபம். அழுத்தக்காரி. யார் பிள்ளை, பசையின் பிள்ளையாயிற்றே! சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துபோனாள். வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். தூங்கும்போது உதடுகளை இறுக்கி, அதற்குமேல் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு தூங்கினாள். கணவனும் பேச்சைக் குறைத்தான். அந்த 'பழகிடும்'கூட இப்போது வருவதில்லை. அப்பனும் மகளும் கூட்டு என்று அவளுக்கு எரிச்சல். இருக்கட்டும், எத்தனை நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள் பார்க்கலாம் என்று அவளும் வீம்பாக இருந்தாள். தலையணை உறைகளைத் துவைக்க எடுத்தபோது அவற்றில் ஒரு வாசம் அடித்தது. முகக்கவசத்தை இறக்கி முகர்ந்தாள். துரு. குழாய்த் தண்ணீர் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் ஊர் மருத்துவமனையிலிருந்து ஆள் வந்தது. போனாள். ஒரு மூத்த நர்ஸ் அவளை உட்காரவைத்துப் பேசினார், பிரிவைச் சுற்றிக் காட்டினார், வரும் வாரமே சேர்ந்துகொள்ளச் சொன்னார். தரையில் அதே சிவப்புக் கோடு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்தவள் இந்த ஊருக்கு வந்தபிறகு முதல்முறையாகத் தெருவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நடந்தாள். சிட்டுவை மடியில் தூக்கி வைத்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அவனோடும் சிரித்துப் பேச வேண்டும். இங்கேயும் பிழைக்கலாம். ஏன் முடியாது?

தெருமுனையில் ஓட்டுநரின் மனைவி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். இவளே வலியப் போய் வேலை கிடைத்ததைச் சொன்னாள். அவளும் சந்தோஷப்பட்டாள். சந்துப் பக்கம் ஆளையே காணோமே என்று கேட்டாள்.

"பின்கதவை அடைச்சுட்டேன்க்கா. டேப் போட்டு, பசை போட்டு. இப்ப ஒரு பூச்சி உள்ள வர முடியாது."

ஓட்டுநரின் மனைவி முகத்தில் ஈயாடவில்லை. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு, இவளிடமிருந்து தள்ளி மாற்றிக்கொண்டாள்.

"உள்ள வர்றதா இருந்தா நாங்க எதுக்கும்மா கதவைத் திறந்து வைக்கப்போறோம்?" என்று கேட்டாள். "அதுங்க வீட்டுக்குள்ளேர்ந்துல்ல வெளிய போவுது."

அதற்குமேல் நிற்கவில்லை, போய்விட்டாள்.

இவள் வீட்டை நோக்கி நடந்தாள். கோடு எந்தப் பக்கம் போனது என்று நினைத்துப் பார்த்தாள். படுக்கையறையிலிருந்து சமையலறை. சமையலறையிலிருந்து பின்கதவு. ஒருநாளாவது அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்ததைப் பார்த்திருக்கிறாளா? டேப்பை அவை தடவியது உள்பக்கம். உள்ளே சுத்தம் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவளே வைத்துக்கொண்டது. நடை ஓட்டமானது.

முன்கதவு சும்மா சாத்தியிருந்தது. கணவனின் செருப்பு வாசலில். கிடங்கிலிருந்து சீக்கிரமே வந்திருக்கிறான். விளக்குப் போடவில்லை. கூடத்தில் சாயங்கால வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது. துரு வாசம். முகக்கவசம் இல்லாமல் வந்தால்தான் தெரிகிறது, வீடு முழுக்க.

"சிட்டு?"

கூப்பிட்டபடியே உள்ளே போனாள்.

சமையலறையில் இருந்தார்கள். இரண்டு பேரும். பின்கதவைப் பார்த்தபடி. பிள்ளை நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்து நின்றாள். அவன் அவளுக்குப் பின்னால், கைகளைத் தொங்கவிட்டு. நகர்ந்து நகர்ந்து அதற்குமேல் போக இடமில்லாமல் நின்றவர்கள் மாதிரி. அவன் கழுத்தில், காதுக்குக் கீழே, தோல் மெல்ல ஏறி இறங்கியது. அவன் அசையவில்லை. தோல் மட்டும்.

அவள் பிள்ளையைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். கத்தியை எடுத்தாள். டேப்பைக் கீறினாள். அவளே நீவிய டேப், லேசில் வருமா! நகம் பெயர்ந்தது. பசை விரலில் ஒட்டியது. கிழித்தாள். மறுபடி கிழித்தாள். தாழை நீக்கித் தோளால் மோதினாள். சட்டம் முனகிக்கொண்டு விட்டது.

கதவு திறந்தது. காற்று வந்தது. சந்து நெடுக எல்லா வீட்டுப் பின்கதவுகளும் திறந்திருந்தன, எல்லாவற்றிலிருந்தும் மெல்லிய கறுப்புக் கோடுகள் படியிறங்கி இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன. எதிரே ஓட்டுநரின் மனைவி தன் வாசலில் நின்று இவர்களைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அவள் மண்டியிட்டாள். மகளின் முகத்தை இரு கையாலும் பிடித்துச் சந்துப் பக்கம் திருப்பினாள்.

"வாயத் திற கண்ணு. அம்மா அடிக்க மாட்டேன். கதவைத் திறந்துட்டேன் பாரு. போகட்டும். எல்லாம் போகட்டும்."

சிட்டு அவளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

நாக்கு தெரியவில்லை. பல்வரிசையிலிருந்து தொண்டைக் குழி வரைக்கும் அடைத்துக்கொண்டு இருந்தன. ஈரமாக. கறுப்பாக. ஒன்றன்மேல் ஒன்றாக, தலைகள் வெளியே பார்த்தபடி.

காற்று பட்டதும் உணர்கொம்புகள் எல்லாம் ஒருசேர எழுந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். முன்னால் இருந்த ஒன்று கீழுதட்டின் விளிம்பு வரை வந்தது. வெளியே இருந்த குளிரைத் தடவிப் பார்த்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

பிறகு திரும்பியது. அதன் பக்கத்தில் இருந்ததும் திரும்பியது. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே இறங்கின.

சிட்டு வாயை மூடிக்கொண்டாள். விழுங்கினாள். அவளுக்குப் பின்னால், இருட்டில், அவனும் விழுங்கினான்.